தோல்கன்றும் என் காக்கிக் கோட்டும்

1961 ஜூலை 15, சனிக்கிழமை. காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். குற்றாலத்தில் சாரல். குடை பிடித்தாலும் நனைவோம், பிடிக்காவிட்டாலும் நனைவோம் என்கிற மாதிரியான சாரல். காற்று மேற்கிலிருந்து வந்தது. மலையைக் காணவில்லை. மேகம் அதை முழுக்க மூடியிருந்தது. அருவியின் இரைச்சல் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் நான் ஒரு செத்த கன்றுக்குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு தென்காசி சாலையில் நடந்துகொண்டிருந்தேன். கன்று செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. உள்ளே இருந்தது வைக்கோல். எனக்குப் பின்னால் அதன் தாய் வந்தது. தாய்க்குப் பின்னால் பால்காரர். மொத்தம் மூன்றரை மைல். நாலாயிரத்து இருநூறு அடி வரை எண்ணினேன். அப்புறம் பசு கத்தியதில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. அந்த மிச்சம் எத்தனை அடி என்று இன்றும் எனக்குத் தெரியாது. அது உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, அதற்கு மேல் இரண்டு வருடம் கிருமிகளைப் பற்றிப் படித்தவன். குற்றாலத்தில் பங்களாக்கள் இருக்கும் ஒரு தெருவில் இளங்கன்றுகள் வரிசையாகச் சாவதாகத் தகவல் வந்து, என்ன கிருமி, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க என்னை அனுப்பியிருந்தார்கள். ஜூன் இருபதாம் தேதி வந்தேன். ஒரு பங்களாவின் பின்கட்டில் சிறு அறை கிடைத்தது. சோதனைக்கூடம் தென்காசி மாட்டாஸ்பத்திரியில் ஓர் ஒதுக்குப்புறமான அறை. அங்கே மண்ணெண்ணெய் விளக்கால் சூடேறும் ஒரு செப்புப் பெட்டி இருந்தது. கிருமி வளர முப்பத்தேழு டிகிரி வேண்டும். காற்றடித்தால் விளக்கு அணைந்துவிடும். குற்றாலத்தில் படுத்திருக்கும்போது தென்காசியில் அந்தத் திரி எரிகிறதா இல்லையா என்ற யோசனையிலேயே எனக்குத் தூக்கம் வராது.

வியாதி ஒரே மாதிரி வந்தது. கன்றுக்குக் காய்ச்சல் அடிக்கும், மஞ்சளாகக் கழியும், மூன்றாம் நாள் கண் குழிந்துவிடும், ஐந்தாம் நாள் போய்விடும். கழிசலை எடுத்து ரோஜா நிறக் கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் இழுத்து, செப்புப் பெட்டியில் வைத்தால் மறுநாள் நிறமில்லாத சிறு புள்ளிகள் எழும்பியிருக்கும். பூட்டிய ஜன்னலில் சாரல் தெறித்தது போலவே இருக்கும். பல தடவை தட்டைக் கையில் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், எது எது என்று தெரியாமல். அதில் ஒரு புள்ளியை எடுத்து, மருந்துத் துளியில் கலக்கினால், பால் திரிவதைப் போலத் திரிந்துகொள்ளும். குடலில் குடியேறி ரத்தத்தில் ஏறும் கிருமி அது. என்ன கிருமி என்பது ஒரு வாரத்திலேயே தெரிந்துவிட்டது. எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை.

நான் தண்ணீரைச் சந்தேகித்தேன். அருவியில் ஊரே எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறது. அந்தத் தண்ணீர் வாய்க்காலாகப் பங்களாக்களின் பின்புறம் ஓடுகிறது. முப்பத்தொரு பாட்டில் தண்ணீர் எடுத்துச் சோதித்தேன். ஒன்றிலும் அந்தக் கிருமி இல்லை. முப்பத்தொன்றையும் மனசுக்குள் திட்டினேன்.

நோட்டின் எட்டாம் பக்கத்தில் தெருவை வரைந்து, செத்த கன்றுக்கு ஒரு கறுப்புப் புள்ளி வைத்தேன். தெருவில் கன்று இருந்த வீடுகள் பன்னிரண்டு. ஏழு வீடுகளில் மொத்தம் ஒன்பது கன்றுகள் செத்திருந்தன. அந்த ஏழு வீடுகளில் இரண்டு கன்றுகள்தான் மிச்சம். மற்ற ஐந்து வீடுகளில் ஒரு கன்றுக்கும் ஒன்றும் இல்லை. ஒரே வாய்க்கால், ஒரே புல், ஒரே சாரல். ஐந்து வீடு மட்டும் எப்படித் தப்பித்தது என்று இருபத்திரண்டு நாள் யோசித்தேன்.

ஜூலை பன்னிரண்டாம் தேதி விடியற்காலை, அறை வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். மேகம் தெருவுக்குள் இறங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து முதலில் ஒரு பசுவின் முகம் வந்தது. பிறகு பால்காரர். அவர் அக்குளில் ஒரு கன்று. நான்கு காலும் விறைப்பாகக் கீழே தொங்க, கண் இருந்த இடத்தில் இரண்டு தையலோடு அது என்னைப் பார்த்தது. இருபத்திரண்டு நாளாகத் தினமும் பார்த்த காட்சிதான். தினமும் அவரிடம்தான் ஓர் உழக்குப் பால் வாங்கினேன்.

இளம் கன்று செத்துப்போனால் தாய்ப்பசு பாலை இழுத்துக்கொள்ளும். அதனால் தோலை உரித்து, உப்பும் சாம்பலும் தேய்த்து உலர்த்தி, வைக்கோல் திணித்துத் தைத்துப் பசுவின் முன்னால் வைப்பார்கள். பசு அதை நக்கும். நக்க நக்கப் பால் இறங்கும். சீசனுக்கு வந்து தங்குகிறவர்கள் தண்ணீர் கலக்காத பால் வேண்டும் என்று கண்முன்னே கறக்கச் சொல்லுவார்கள். ஆகவே பால்காரர் பசுவை வாசல் வாசலாக ஓட்டிப்போவார், தோல்கன்றும் கூடவே போகும்.

அன்று எங்கள் பங்களா முற்றத்தில் கறந்து முடித்தார். காவல்காரர், ஓய்வுபெற்ற ஏட்டு, அவரைக் காபிக்குக் கூப்பிட்டார். சாரலில் நனைந்தால் வைக்கோல் அழுகிவிடும் அல்லவா? பால்காரர் தோல்கன்றைத் தூக்கிக்கொண்டு போய், நனையாத இடமாகப் பார்த்து வைத்தார். நனையாத இடம் என்பது கன்றுத் தொழுவம். ஏட்டு வீட்டில் மிஞ்சியிருந்த வெள்ளைக் காளங்கன்று எழுந்து வந்து, அந்த உப்புத் தோலை ஆசையாக நக்க ஆரம்பித்தது.

என் வாயில் பல்பொடி இருந்தது. துப்பவும் மறந்து நின்றேன். அந்த ஏழு வீட்டிலும்தான் அவர் கறந்தார். மற்ற ஐந்துக்கும் வேறு ஆள் பால் ஊற்றினான்.

ஓடிப்போய் வெள்ளைக் கன்றை இழுத்து அப்பால் கட்டினேன். பிறகு பஞ்சு சுற்றிய குச்சியை எடுத்துவந்து தோல்கன்றின் வயிற்றிலும் வாலடியிலும் தடவினேன்.

"எதுக்கு டாக்டரய்யா, செத்ததுக்குப் போயி வைத்தியம் பாக்குதிய?" என்றார் பால்காரர். ஐம்பது வயதிருக்கும். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, அந்த ஒரு பசு.

"வைத்தியம் இல்ல அண்ணாச்சி. தடவிப் பாக்கேன்."

"தடவுங்க, தடவுங்க. அதுக்கு மூணு மாசமா காய்ச்சலும் கிடையாது, கழிச்சலும் கிடையாது. எங்க வீட்ல சொகமா இருக்கது அது ஒண்ணுதான்."

ஏட்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது எதில் செத்தது என்று கேட்டேன். மஞ்சளாகக் கழிந்து செத்தது என்றார். அன்றிலிருந்து அதைத் தொழுவங்களுக்குள் வைக்க வேண்டாம், எல்லோரும் பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள் என்று ஏழு வீட்டுக்கும் சொன்னேன்.

பதினான்காம் தேதி தட்டில் நிறமில்லாத புள்ளிகள் எழும்பியிருந்தன. மருந்துத் துளியில் திரிந்தன. உப்புக்கும் சாம்பலுக்கும் மூன்று மாதத்துக்கும் தப்பித்து, தோலில் காய்ந்த கழிசலுக்குள் அந்தக் கிருமி உயிரோடு இருந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. பஸ்ஸில் வரும்போது கட்டுரைக்குத் தலைப்புக்கூட யோசித்தேன்.

பால்காரர் தொழுவம் ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில் இருந்தது. சொன்னதும் அவர் கையிலிருந்த பிடி வைக்கோலைக் கீழே வைத்தார்.

"அப்போ ஒம்பது கன்னையும் நான்தான் கொன்னேங்கிதியளா?"

"நீங்க இல்ல அண்ணாச்சி. உங்களுக்கு எப்படித் தெரியும்? படிச்ச எனக்கே இருபத்திரண்டு நாளாத் தெரியல."

பசு தோல்கன்றின் நெற்றியை நக்கிக்கொண்டிருந்தது. நக்கி நக்கி அந்த இடத்தில் ரோமமே இல்லை.

"எரிக்கணும். அப்படித்தான?"

"ஆமா."

"எரிச்சா இவ சொரக்க மாட்டா. சீசன் இன்னும் ஒண்ணரை மாசம் கிடக்கு. இந்தப் பாலுதான் எனக்கு மாசி வரைக்கும் சோறு. செங்கோட்டை ஏவாரி போன வாரமே கேட்டுட்டுப் போயிட்டான், வத்திப்போனா அடிமாட்டுக்கு எண்பத்தஞ்சு ரூவா தாறேன்னு." மலை இருந்த பக்கம் பார்த்தார். "மலை தாண்டிப் போன மாடு திரும்பி வந்து நான் பாத்ததில்ல டாக்டரய்யா."

மிச்சமிருந்த இரண்டு கன்றுகளையும், அடுத்து பிறக்கப்போகிறவற்றையும் நினைத்துக்கொண்டேன். அவர்தான் கடைசியில் சொன்னார், "எடுத்துட்டுப் போங்க. ஆனா என் கையால தரமாட்டேன். நீங்களே எடுத்துக்கிடுங்க."

குற்றாலத்தில் அந்த ஈரத்தில் எதுவும் எரியாது. தென்காசி மாட்டாஸ்பத்திரிப் பின்புறம் அதற்கென்று குழி இருந்தது. மறுநாள் எடுத்துப்போக வேண்டிய சாமான்கள் என்று ஆறு எழுதி வைத்திருந்தேன். ஐந்தை எடுத்துவந்தேன். விட்டுவந்த ஆறாவது, கன்றைச் சுற்றுவதற்கான எண்ணெய்ச் சீலை. தோப்பில் நின்று பட்டியலைப் படித்தபோதுதான் தெரிந்தது. வேறு வழி தோன்றவில்லை. போட்டிருந்த காக்கிக் கோட்டைக் கழற்றி அதில் சுற்றினேன். கிருமி படித்தவன் செய்யக்கூடாத காரியம். செய்தேன்.

பசுவைக் கட்டிவைக்கச் சொல்லியிருந்தேன். அது முளையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஓட்டிப் பார்த்தார் பால்காரர், திரும்பவில்லை. "வரட்டும். புள்ளைய வழியனுப்ப வேண்டாமா?" என்றார்.

அந்த நடையை நான் எத்தனையோ தடவை கனவில் நடந்திருக்கிறேன். கனவுக்கும் அன்றைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மரங்கள் பாதி வரைதான் இருந்தன. அருவிக்குப் போகிறவர்கள் மேகத்துக்குள்ளிருந்து துண்டோடு வருவார்கள், எங்களைப் பார்த்து ஒதுங்குவார்கள், மறுபடி மேகத்துக்குள் போய்விடுவார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பசுவின் மூச்சு என் பிடரியில் சூடாகப் பட்டது. அது ஒவ்வொரு தடவை கத்தும்போதும் என் கையிலிருந்த வைக்கோல் அதிர்ந்தது. உள்ளே ஏதோ பதில் சொன்னது போல இருந்தது. மேலகரம் தாண்டியதும் யாரோ திரையை இழுத்தது போலச் சாரல் நின்றது. தென்காசியில் வெயில். கோயில் கோபுரத்துக்கு மேலே காற்று மட்டும் தூசியைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

கோட்டை உருவிச் சுவரில் போட்டுவிட்டு, கன்றைக் குழியில் வைத்தேன். கம்பவுண்டர் மண்ணெண்ணெய் ஊற்றினார். ஆறு நிமிடத்தில் முடிந்துவிட்டது. வைக்கோல்தானே. எனக்குப் பின்னால் பால்காரர் கத்தினார்.

"டாக்டரய்யா! இங்கன பாருங்க, இங்கன பாருங்க!"

பசு நெருப்பைப் பார்க்கவே இல்லை. சுவரில் கிடந்த என் கோட்டை நக்கிக்கொண்டிருந்தது. அதன் நான்கு காம்பிலிருந்தும் பால் தானாக மண்ணில் சொட்டியது.

"அந்தக் கோட்டைக் குடுத்துருங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம். என்ன விலைன்னாலும் கறந்து கழிச்சிருதேன்."

நான் கோட்டைப் பசுவின் வாயிலிருந்து பிடுங்கினேன். அதிலும் அந்தக் கிருமி இருக்கும் என்று சொன்னேன். பால்காரர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் கோட்டையும் குழியில் போட்டுவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன்.

சோதனைக்கூடத்தில் இடுப்பளவு உயரத்தில் ஓர் ஆவிப்பானை இருந்தது. கோட்டை மடித்து அதில் வைத்துப் பதினைந்து பவுண்டு அழுத்தத்தில் இருபது நிமிடம் வேகவைத்தேன். சந்தேகத்துக்கு இன்னொரு இருபது நிமிடம். பிறகு பஞ்சால் தடவித் தட்டில் இழுத்தேன். இரண்டு நாள் காத்திருந்தேன். தட்டு சுத்தமாக இருந்தது. பசுவின் சாணத்தையும் மூன்று தடவை சோதித்தேன். அதுவும் சுத்தம். அந்த இரண்டு நாளும் பசு பால் இறக்கவில்லை. பன்னிரண்டு உழக்குக் கறந்த இடத்தில் ஒன்றரை உழக்கு. மடி கல்லாக இறுகி, கை வைத்தால் உதைத்தது.

பதினெட்டாம் தேதி காலை, ஏட்டு வீட்டு முற்றத்தில் கோட்டில் உப்புத் தேய்த்து வேலியில் போட்டோம். பசு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஏட்டு அதைப் போட்டுக்கொண்டு எதிரே நின்றார். அவரைப் பார்த்துக் கொம்பை ஆட்டியது. "கொலைக் கேஸுக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்ல" என்று கழற்றி என்னிடம் கொடுத்தார்.

நான் போட்டுக்கொண்டேன். ஏன் என்று தெரியாது. சாரலில் குளிராக இருந்தது என்பதும் ஒரு காரணம்.

பசு என் கை மணிக்கட்டை மோந்தது. பிறகு கோட்டின் வலது கையை ஒரு தடவை நக்கியது. நாக்கு உப்புத்தாள் போல இருந்தது. இன்னொரு தடவை நக்கியது. பால்காரர் மூச்சுவிடாமல் செம்பை வைத்தார். முதல் பீச்சு செம்பில் விழுந்த ஓசை இருக்கிறதே, அதை நான் எதில் போய் எழுதுவது!

ஏட்டு மனைவி வாசலில் வந்து நின்று, "ஏ அண்ணாச்சி, உம்ம புதுக் கன்னுக்குட்டி கண்ணாடில்லா போட்டிருக்கு!" என்றாள். பால்காரர் முதுகு குலுங்கச் சிரித்தார். கறப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து ஆகஸ்ட் முப்பத்தொன்று வரை நாற்பத்தைந்து நாள், காலையில் ஏழு வீட்டு வாசலிலும், மாலையில் தொழுவத்தில் ஒரு தடவையும் நின்றேன். மொத்தம் முந்நூற்று அறுபது தடவை. ஒரு வட்டத்துக்கு எத்தனை பாகையோ அத்தனை. பங்களாவுக்கு வந்தவர்கள் என்னைப் பால்காரரின் தம்பி என்று நினைத்தார்கள். ஓர் அம்மாள் எனக்கு நாலணா கொடுத்தாள். நான் வாங்கிக்கொள்ளவில்லை, பால்காரர் வாங்கிப் பசுவுக்குப் பருத்திக்கொட்டை வாங்கினார். கோட்டு என் மேல் இருந்தவரை பால் ஒன்பது உழக்குக்குக் குறையவில்லை. கன்று எதுவும் சாகவில்லை. ஏட்டு வீட்டு வெள்ளைக் காளை என்னைப் பார்த்தால் துள்ளும்.

அந்த நேரங்களில் நான் எதையும் எண்ணவில்லை என்பதை எழுதத்தான் வேண்டும். பசு நக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். மேகம் முகத்தில் படும். சூடான நாக்கும் குளிர்ந்த சாரலும் மாறி மாறி வரும். நான் யார், எங்கே வேலை பார்க்கிறேன், செப்புப் பெட்டியில் திரி எரிகிறதா என்பதெல்லாம் தொலைவில் அருவி மாதிரி இரைந்துகொண்டிருக்கும். முந்நூற்று அறுபது என்பது பிறகு நாளைப் பெருக்கிக் கண்டுபிடித்ததுதான்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதியோடு வேலை முடிந்தது, திரும்பி வரவும் என்று உத்தரவு வந்தது. கையில் விடுப்பு இல்லை. சம்பளமில்லாத விடுப்பில் பத்தொன்பது நாள் கூடுதலாக இருந்தேன். காரணம் எழுதும் இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன். கட்டுரையில் கோட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். மேலதிகாரி அதைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் "இது என்ன?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

வேறு ஒரு கேள்விதான் என்னை வெகுகாலம் தின்றது. கோட்டை வேகவைத்தது போலத் தோல்கன்றையே வேகவைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே? அவசரப்பட்டு எரித்துவிட்டேனோ? பதினொரு வருடம் கழித்து வேறு ஊரில் ஒரு துண்டுக் கன்றுத் தோலை ஆவிப்பானையில் வைத்துப் பார்த்தேன். சுருங்கிப் பசையாகிக் கட்டைவிரல் அளவு கிடந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

சீசனின் கடைசி வாரம் பால்காரர் ஒரு யுக்தி செய்தார். கறக்கும்போது என்னைப் பக்கத்தில் நிற்கவிட்டு, கோட்டை மட்டும் தன் தோளில் போட்டுக்கொண்டார். பசு கழுத்தை வளைத்து அவர் தோளை நக்கியது. முதல் நாள் நாலு உழக்கு, ஐந்தாம் நாள் எட்டு. வியாபாரி வந்து கேட்டதற்கு, "போலே, இவளுக்கு இன்னும் பால்குடி மறக்காத பிள்ளை ஒண்ணு கண்ணாடி போட்டுக்கிட்டு அலையுது" என்றாராம்.

நான் கிளம்பிய அன்று கோட்டைக் கேட்க வாய் வரவில்லை. வலது கை முழங்கை வரை நைந்து நூலாகியிருந்தது. அவரும் கொடுக்கிற மாதிரி இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து டிக்கெட்டின் பின்புறம் கூட்டினேன். கோட்டு, தையற்கூலியோடு முப்பத்தொரு ரூபாய் ஐம்பது. பசு தட்டிவிட்டு உடைந்த கண்ணாடிச் சில்லு ஏழு ரூபாய் ஐம்பது. உப்பு பதிமூன்று தடவை, ஆறு நயா பைசா வீதம் எழுபத்தெட்டு. பத்தொன்பது நாள் சம்பளம், நாளுக்கு ஆறு ரூபாயாக நூற்றுப் பதினான்கு. எல்லாம் சேர்த்து, வியாபாரி அந்தப் பசுவுக்குச் சொன்ன விலையைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. மேலகரத்தில் ஒரு தடவை, பாவூர்சத்திரத்தில் ஒரு தடவை சரிபார்த்தேன். நூற்று ஐம்பத்து மூன்று ரூபாய் எழுபத்தெட்டு நயா பைசா.